ஜெர்மன் பி1 பேச்சுத் தேர்வு: ஆன்லைன் டான்டெம் எனக்கு எப்படிக் கைகொடுத்தது

ஜெர்மன் மொழித் திறனுக்குக் கோதே நிறுவனம் நடத்தும் பி1 (நடுத்தர நிலை) தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் 100க்கு 60 எடுத்தாக வேண்டும். முதல் மூன்றுக்கும் மாதிரித் தாள்களை வைத்துக்கொண்டு தனியாகவே மல்லுக்கட்டலாம். பேசுவதற்கு எதிரில் ஆள் வேண்டுமே! எனக்குக் கிடைத்தவர், தமிழ் கற்றுக்கொண்டிருந்த ஒரு ஜெர்மன் மாணவி. சந்திப்பெல்லாம் வீடியோ காலில்தான்.

இப்படி ஒருவர் மொழியை மற்றவருக்குச் சொல்லிக்கொடுப்பதற்கு டான்டெம் என்று பெயர். ஜெர்மனியின் போஹும் பல்கலைக்கழகம் 1990களிலேயே மின்னஞ்சல் வழியாக இதை நடத்தியிருக்கிறது. இதில் இரண்டு விதிகள்: கொடுக்கல் வாங்கல் சமமாக இருக்க வேண்டும், எதைப் படிப்பது என்பதை அவரவரே முடிவு செய்ய வேண்டும். முதல் விதியில் கறாராக இருங்கள். பாதி நேரம் ஜெர்மன், பாதி நேரம் தமிழ், டைமர் வைத்து. தேர்வு நமக்குத்தானே என்று முழு நேரத்தையும் எடுத்துக்கொண்டால், அடுத்த வாரம் அவர் வரமாட்டார்.

இலக்கணச் சந்தேகங்களை டான்டெம் துணையிடம் கொண்டுபோகாதீர்கள். "நாங்கள் இப்படித்தான் சொல்வோம்" என்பதற்கு மேல் பெரும்பாலும் பதில் வராது. அது ஆசிரியர் வேலை. துணையிடம் கேட்க வேண்டியது அவர்கள் ஊர் வாழ்க்கையை. அரட்டை மாதிரித் தெரியும், ஆனால் மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது.

பேச்சுத் தேர்வின் முதல் பகுதி, இரண்டு பேர் சேர்ந்து ஏதாவது ஒன்றைத் திட்டமிடுவது. நம் பிள்ளைகள் எதிராளி சொல்வதற்கெல்லாம் மரியாதைக்காகத் தலையாட்டுவார்கள். என் துணை ஒரு நாள் கேட்டுவிட்டார்: "எல்லாவற்றுக்கும் சரி என்றால், உனக்கு என்ன வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்?" சனிக்கிழமை எனக்கு ஒத்துவராது, ஞாயிறு வைத்துக்கொள்ளலாமா என்று நேராகக் கேட்பது அங்கே முகத்தில் அடித்த மாதிரி ஆகாது. தேர்விலும் மாற்று யோசனை சொல்லிப் பேரம் பேசினால்தான் உரையாடலே நகரும்.

இரண்டாம் பகுதி, ஐந்து சிலைடுகளை வைத்துக் கொடுக்கும் சின்ன உரை. அதில் ஒரு சிலைடு "என் நாட்டில் நிலைமை". ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகளுக்குச் சட்டப்படியே விடுமுறை. எங்கள் தெரு அண்ணாச்சி கடை காலை ஆறு மணிக்குத் திறந்து இரவு பத்துக்குத்தான் மூடும், ஞாயிறும் உண்டு என்று துணையிடம் சொன்னேன். "அப்போது அவர் எப்போதுதான் ஓய்வெடுப்பார்?" என்றார். மதியம் அவர் மகன் கல்லாவில் உட்காருவதை, அவர் பின்னால் பாய் விரித்துப் படுப்பதை எல்லாம் தட்டுத்தடுமாறி ஜெர்மனில் விளக்கினேன். அந்தச் சிலைடுக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

பேச விஷயம் தீர்ந்துவிட்டால் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் 'குல்ட்டூரா' முறையைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1997இல் அமெரிக்க, பிரெஞ்சு மாணவர்களுக்காகத் தொடங்கியது அது. ஒரே கேள்வித்தாளை இரு தரப்பும் தங்கள் தங்கள் மொழியில் நிரப்பி, பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். நாங்களும் "நல்ல பக்கத்து வீட்டுக்காரர் என்றால்…" என்று எழுதிப் பார்த்தோம். நான் எழுதியது: சாவி கொடுத்துவிட்டுப் போகலாம், காய்ச்சல் என்றால் கஞ்சி வரும். அவர் எழுதியது: சத்தம் போடமாட்டார், நான் இல்லாதபோது பார்சல் வாங்கி வைப்பார். அன்றைக்கு டைமரை யாரும் பார்க்கவில்லை.

திருத்தங்களைப் பேச்சின் நடுவில் சொல்ல வேண்டாம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். சாட்டில் தட்டிவைத்துக் கடைசியில் பார்த்தால் போதும். ரெக்கார்டு செய்வதென்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அப்புறம் நேரம்: குளிர்காலத்தில் நமக்கும் ஜெர்மனிக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், கோடையில் மூன்றரை. மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள். அந்த வாரம் சந்திப்பு நேரத்தை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

தேர்வு நெருங்கும்போது உடன் படிக்கும் ஒருவரோடும் பேசிப் பழகுங்கள். ஜெர்மன்காரர் நாம் திக்கும் இடத்தை அவராகவே நிரப்பிவிடுவார். தேர்வு அறையில் ஜோடியாக வருபவரோ நம்மைப் போலவே கை நடுங்க உட்கார்ந்திருக்கும் இன்னொரு மாணவர். அவர் வாயடைத்துப் போனால், "வாஸ் மைன்ஸ்ட் டூ?" (நீ என்ன நினைக்கிறாய்?) என்று கேட்டு நீங்கள்தான் பேச்சை நகர்த்த வேண்டியிருக்கும்.