மேயில் கூட்டல், ஜூனில் கழித்தல்

பொறியியல் கலந்தாய்வுக்குத் தயாராகிறவர்களுக்கு என் பழைய நோட்டைத்தான் காட்டத் தோன்றுகிறது. கணிதம் 92, பாதியாக்கிய இயற்பியல் 44, வேதியியல் 45. ஆக கட்-ஆஃப் 181. மனத்தில் இரண்டே இடங்கள். கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் சிவில், அல்லது வீட்டருகே ஒரு தனியார் கல்லூரியில் கணினி அறிவியல். மே மாதம் இரண்டும் சமம். நல்லதற்குக் கூட்டல் குறி, கெட்டதற்குக் கழித்தல் குறி என்று எழுதி வைத்தேன்.

ஜூனில் மாமா வந்தார். "கம்ப்யூட்டர் படித்தால்தான் வேலை, மாப்பிள்ளை" என்றார். அவ்வளவுதான். அந்தக் கல்லூரிகளைப் பற்றி அதன்பின் புதிதாக எதுவும் தெரியவரவில்லை. குறிகள் மட்டும் மாறின. 'வீட்டைவிட்டுத் தூரம்' மேயில் கூட்டல், தனியாக இருந்து பழகலாம் என்று. ஜூனில் அதுவே கழித்தல், சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று. தனியார் கல்லூரிக் கட்டணத்துக்குப் போட்டிருந்த பெரிய கழித்தலை அடித்துவிட்டு, பக்கத்தில் 'கல்விக்கடன்' என்று எழுதியிருக்கிறேன். கடனைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பது அன்று உறைக்கவில்லை!

உளவியலாளர் ஜாக் பிரேம் 1956இல் வெளியிட்ட ஆய்வில், டோஸ்டர் போன்ற பொருள்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, எடுத்தது முன்பைவிடப் பிடித்துப்போனது, விட்டது மதிப்பிழந்தது. எனக்குத் தேர்ந்தெடுக்கும் முன்பே அது நடந்துவிட்டது. மனம் ஒரு பக்கம் சாய்ந்ததும், கேட்டதெல்லாம் அந்தப் பக்கத்துக்கே சாட்சி சொன்னது.

அதனால் குறிகளுக்குத் தேதி போடுங்கள். குறி மாறினால், இடையில் என்ன புதிதாகத் தெரிந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத ஒன்றும் இல்லையென்றால் பழைய குறியே இருக்கட்டும்.

இன்னொன்று. கலந்தாய்வுக்கு நீங்கள் வரிசைப்படுத்தித் தரும் விருப்பப் பட்டியலில், கிடைக்காது என்று பயந்து பிடித்ததைக் கீழே தள்ளாதீர்கள். தரவரிசையில் உங்கள் முறை வரும்போது பட்டியலை மேலிருந்து பார்த்து, காலியாக உள்ள முதல் இடத்தையே ஒதுக்குகிறார்கள். எட்டாத விருப்பத்தை மேலே வைத்ததால் கீழே இருப்பது கைவிட்டுப் போகாது.

கீழ் வரிகளையும் மேல் வரிகளைப் போலவே விசாரித்து எழுதுங்கள். எனக்கு ஒதுக்கீடு வந்தது ஒன்பதாவது வரிக்கு. கடைசி நாள் இரவு, கல்லூரிக் குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்து அவசரமாக நிரப்பிய வரி அது. முதல் இரண்டுக்கும் நோட்டில் ஆறு பக்கம் இருக்கிறது. அதற்கு ஒரு குறிகூட இல்லை.