கறிவேப்பிலைச் செடியிலிருந்து குவாலா வோ வரை

மலேசியாவின் பேராக் மாநிலத் தாப்பா வட்டாரத்தில் பட்டாம்பூச்சி பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நேரே காட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். காட்டில் ஒரு பூச்சி கண்ணில் படுவது இரண்டு மூன்று விநாடிதான். அதற்குள் எதைப் பார்ப்பது என்பதை வீட்டு வாசலிலேயே பழகிக்கொள்வது நல்லது.

கறிவேப்பிலையையும் எலுமிச்சையையும் சுற்றிவரும் கறுப்புப் பட்டாம்பூச்சி பெரும்பாலும் காமன் மோர்மன். ஆணின் பின்னிறகில் வெள்ளைப் புள்ளிகள் ஒரு பட்டையாக நிற்கும். பெண்ணில் இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று ஆணைப் போலவே இருக்கும். மற்றதில் வெள்ளைத் திட்டும் சிவப்புப் பிறைகளும் சேர்ந்து, காமன் ரோஸ் என்ற வேறோர் இனத்தை அப்படியே உரித்து வைத்திருக்கும். ரோஸின் புழு ஈஸ்வரமூலி இனக் கொடியைத் தின்று உடம்பில் நஞ்சேற்றிக்கொள்வதால் பறவைகள் அதை ஒதுக்கும்; மோர்மன் பெண் நஞ்சில்லாமலே அந்தப் பாதுகாப்பைப் பெறுகிறது. இங்கே இறகை நம்பினால் ஏமாற்றந்தான். உடம்பைப் பாருங்கள்: ரோஸுக்குத் தலையிலும் வயிற்று நுனியிலும் சிவப்பு இருக்கும், மோர்மனின் உடம்பு கறுப்பு.

செம்பனைக் காட்டு நிழலிலும் இதே சிக்கல்தான். பாம்ஃப்ளை என்ற பட்டாம்பூச்சியின் புழு பனை வகை ஓலைகளைத் தின்னும். நீலம் ஓடிய அதன் கரும்பழுப்பு மேலிறகு, குரோ எனப்படும் நச்சு வகையை ஒத்திருக்கும். குரோவின் கறுப்புத் தலையிலும் மார்பிலும் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். பாம்ஃப்ளைக்கு அவை இல்லை.

சாலையோரத்தில் பறக்கும் சின்ன மஞ்சள் பூச்சிகளைப் பறக்கும்போது பிரிக்க முயலாதீர்கள். அவை இறகை மூடித்தான் உட்காரும். முன்னிறகின் அடிப்பக்கத்தில், உடலை ஒட்டிய நரம்புக் கட்டத்துக்குள் உள்ள கறைகளை எண்ணுங்கள். இரண்டு என்றால் பெரும்பாலும் காமன் கிராஸ் யெல்லோ, மூன்று என்றால் திரீ ஸ்பாட். படம் மங்கலாக இருந்தால் இனப்பெயர் எழுதாமல் விடுவதே நேர்மை.

இனிக் காடு. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் குவாலா வோ வெந்நீர் ஊற்று இருக்கிறது. மலேசியாவின் தேசிய வண்ணத்துப்பூச்சியான ராஜா புரூக்கைப் பார்க்க ஏற்ற இடம் அது. 1855இல் இயற்கையியலாளர் வாலஸ் சரவாக்கிலிருந்து விவரித்து, அப்போது சரவாக்கை ஆண்ட ராஜா ஜேம்ஸ் புரூக்கின் பெயரை இதற்குச் சூட்டினார். இறகு விரிந்தால் ஏறக்குறைய 15 முதல் 17 சென்டிமீட்டர். கறுப்பு இறகில் பற்களைப் போலப் பச்சை முக்கோணங்கள், கழுத்தில் சிவப்பு வளையம். வேறெதோடும் குழம்ப வழியில்லை.

ஈர மண்ணில் உறிஞ்சிக்கொண்டிருப்பவை ஆண்கள். உப்புச் சத்துக்காக வருகின்றன. வெயில் ஏறிய பின், மதிய மழைக்கு முன், காலை பத்து மணியை ஒட்டிப் போங்கள். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்தால் உங்கள் நிழல் கூட்டத்தின் மேல் விழுந்து எல்லாம் எழும்பிவிடும். பக்கவாட்டில் குனிந்து நகருங்கள். ஈரத் திட்டை மிதிக்கவே கூடாது. பறந்துபோனாலும் துரத்த வேண்டாம், அசையாமல் நின்றால் பெரும்பாலும் அதே இடத்துக்குத் திரும்பும். விரலால் பிடித்தால் இறகுச் செதில் உதிரும், அது மறுபடி முளைக்காது.

அதே மணலில் புளூபாட்டில், ஜே என்ற பட்டாம்பூச்சிகளும் கலந்து உட்காரும். முன்னிறகில் நீலப் பட்டை மட்டும் இருந்தால் புளூபாட்டில். பட்டைக்கு வெளியே விளிம்போரம் புள்ளி வரிசையும் இருந்தால் ஜே வகை. அதில் எது என்று சொல்ல அடிப்பக்கச் சிவப்புக் குறிகளும் படத்தில் விழ வேண்டும். ஆகவே முதல் படம் மூடிய இறகுக்கு, அடுத்தது உடம்புக்கு, மேலிறகு கடைசியில்.

ராஜா புரூக் பெண்ணை மணலில் தேடிப் பயனில்லை. அது மர உச்சியிலேயே திரியும், நிறமும் பழுப்பேறி, இறகு நுனியருகே வெள்ளைத் திட்டுகளோடு இருக்கும். மலைச்சாலை வளைவுகளில், பள்ளத்து மரங்களின் உச்சி நம் கண்மட்டத்துக்கு வரும் இடங்களில், வண்டியைப் பத்திரமாக ஒதுக்கி நிறுத்தி, எட்டு மடங்கு பைனாகுலரால் பூத்த கிளைகளைப் பாருங்கள்.