கையை அளந்த பிறகு கிராமைப் பாருங்கள்

கேமிங் மவுஸ் வாங்க நினைப்பவர்கள் இப்போதெல்லாம் முதலில் கேட்பது அதன் எடையைத்தான். 54 கிராமா, 60 கிராமா, அதற்கும் கீழே ஏதேனும் வந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டு, எண் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். எடை குறைந்த மவுஸை நானும் மிகவும் விரும்புகிறேன். இனி ஒரு கனமான மவுஸுக்குத் திரும்பும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனாலும், கைக்குப் பொருந்தும் வடிவத்தை முடிவு செய்த பிறகுதான் எடையைப் பார்க்க வேண்டும் என்பதும், எடைக் குறைப்பு எல்லா ஆட்டக்காரர்களுக்கும் ஒரே அளவில் பயன் தருவதில்லை என்பதும் என் உறுதியான கருத்து.

எடையைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணமே இந்தத் துறைக்குப் புதிதுதான். 2014இல் வெளிவந்த லாஜிடெக் ஜி502 மவுஸ் 121 கிராம் இருந்தது. அது போதாதென்று, உள்ளே பொருத்திக்கொள்வதற்காக 3.6 கிராம் எடையுள்ள ஐந்து சிறு உலோகத் துண்டுகளையும் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். கனமாக இருந்தால்தான் தரமான பொருள் என்ற நம்பிக்கை அப்போது பரவலாக இருந்தது. 2018இல் லாஜிடெக்கின் ஜி ப்ரோ வயர்லெஸ் 80 கிராமுக்கு இறங்கியது. 2019இல் க்ளோரியஸ் மாடல் ஓ, மேல் ஓட்டில் தேனடை வடிவில் துளைகள் இட்டு 67 கிராமில் வந்தது. அதே ஆண்டில் ஃபைனல்மவுஸ் நிறுவனம் 47 கிராமில் ஒன்றை வெளியிட்டது. 2020இன் இறுதியில் வந்த ஜி ப்ரோ எக்ஸ் சூப்பர்லைட், துளையே இல்லாத முழு ஓட்டுடன் 63 கிராமுக்குள் அடங்கியது. 2024இல் வந்த ரேசர் வைப்பர் வி3 ப்ரோவின் எடை 54 கிராம்.

இந்தக் குறைப்பால் ஆட்டக்காரருக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்க்கலாம். மனித உடலின் எடையில் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்து சுமார் 0.6 விழுக்காடு, முன்கை சுமார் 1.6 விழுக்காடு என்று உடலியக்க அறிவியலில் பொதுவாகக் கொள்வார்கள். அதன்படி துப்பாக்கி ஆட்டத்தில் 70 கிலோ எடையுள்ள ஒருவர் முழங்கையை அச்சாக வைத்துக் குறி பார்க்கும்போது, அவர் நகர்த்துவது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள தன் கையையும் அதனுடன் சேர்ந்த மவுஸையும்தான். அந்த மொத்தத்தில் மவுஸின் எடை 80 கிராமிலிருந்து 60 கிராமாகக் குறைவது ஒரு விழுக்காட்டைச் சற்றே தாண்டும் மாற்றம். ஆனால், உள்ளங்கை மேசையில் அமர்ந்திருக்க, விரல்கள் மட்டுமே மவுஸை இம்மி இம்மியாக நகர்த்தி எதிரியின் தலைமேல் குறியை நிறுத்தும்போது கணக்கே மாறிவிடுகிறது. அங்கே நகரும் பொருள் விரல்களும் மவுஸும் மட்டும்தான் என்பதால், மவுஸின் எடையில் கால் பங்கு குறைந்தால் அது உடனே கைக்குத் தெரிகிறது. விரலால் குறி பார்ப்பவர்கள் இலகுவான மவுஸைக் கொண்டாடுவதற்கும், தோளிலிருந்து கையை வீசி ஆடுபவர்கள் ‘பெரிதாக ஒன்றும் தெரியவில்லை’ என்று சொல்வதற்கும் காரணம் இதுவே. இருவர் சொல்வதும் அவரவர் அளவில் உண்மைதான்.

வீசி ஆடுபவர்களுக்குப் பயன் வேறொரு இடத்தில் இருக்கிறது. சென்சிட்டிவிட்டியை, அதாவது மவுஸின் நகர்வுக்குத் திரையில் பார்வை எவ்வளவு திரும்ப வேண்டும் என்ற அமைப்பை, குறைவாக வைத்து ஆடும்போது, மவுஸ் பேடின் ஓரத்துக்கு வந்ததும் மவுஸைத் தூக்கி மறுபடி நடுவில் வைக்க வேண்டியிருக்கிறது. தூக்கும் அந்த நொடியில் முழு எடையையும் தாங்குவது கட்டைவிரலும் அதற்கு எதிர்ப்பக்கம் உள்ள மோதிரவிரலும் சுண்டுவிரலும்தான். மவுஸ் நழுவாமல் இருக்க அவை கொடுக்கும் அழுத்தம் எடைக்கு ஏற்பக் கூடும். நீண்ட ஆட்டங்களின் முடிவில் கட்டைவிரலின் அடிப்பகுதியில் ஏற்படும் இறுக்கம், கனமான மவுஸைவிட இலகுவான மவுஸில் எனக்குத் தெளிவாகவே குறைந்திருக்கிறது.

நீங்கள் எந்த வகை என்பதை அறிய ஒரு எளிய வழி உண்டு. கவுன்டர்-ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கி ஆட்டத்தில் சென்சிட்டிவிட்டி 1 ஆக இருந்தால், நகரும்போது மவுஸ் கணினிக்கு அனுப்பும் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் பார்வை 0.022 பாகை திரும்புகிறது. ஒரு முழுச் சுற்றுக்கு சுமார் 16,364 எண்ணிக்கை தேவை. மவுஸ் 800 டிபிஐயில் இருந்தால், அதாவது ஓர் அங்குல நகர்வுக்கு 800 எண்ணிக்கை அனுப்பினால், அதற்கு 20.45 அங்குலம், அதாவது ஏறத்தாழ 52 சென்டிமீட்டர் நகர்த்த வேண்டும். உங்கள் அமைப்பில் இந்தத் தூரம் 50 சென்டிமீட்டரை ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால் நீங்கள் அடிக்கடி மவுஸைத் தூக்குபவர். 25 சென்டிமீட்டருக்குள் இருந்தால் மணிக்கட்டாலும் விரல்களாலும் ஆடுபவர். வேறு ஆட்டமாக இருந்தாலும், பேடின் மேல் ஒரு அளவுகோலை வைத்து, ஆட்டத்துக்குள் ஒரு சுவரைப் பார்த்து நின்று மவுஸால் ஒரு சுற்றுச் சுற்றினால் இந்தத் தூரம் தெரிந்துவிடும்.

இனி வடிவம். என் அனுபவத்தில் பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். மணிக்கட்டின் மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரை கையின் நீளத்தையும், விரல்களின் அடியில் உள்ளங்கையின் அகலத்தையும் முதலில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மவுஸை எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று கவனியுங்கள். கை முழுவதும் மவுஸின்மேல் படிந்திருந்தால் அது பாம் கிரிப். உள்ளங்கையின் பின்பகுதி மட்டும் தொட்டு விரல்கள் வளைந்து நின்றால் கிளா கிரிப். விரல் நுனிகள் மட்டுமே தொட்டால் ஃபிங்கர்டிப் கிரிப். ரேசர் டெத்ஆடர் வி3 ப்ரோவும் முன்பு சொன்ன சூப்பர்லைட்டும் ஏறத்தாழ ஒரே எடை, 63 கிராம். ஆனால் முன்னது 44 மில்லிமீட்டர் உயரத்தில் வலது கைக்கென்றே சரிவாகச் செதுக்கப்பட்டது. பின்னது 40 மில்லிமீட்டர் உயரமும் இருபுறமும் ஒத்த வடிவமும் கொண்டது. பாம் கிரிப்பில் முன்னது உள்ளங்கையை முழுவதும் நிரப்பிவிடுகிறது. அதே மவுஸை ஃபிங்கர்டிப் கிரிப்பில் பிடித்துச் செங்குத்தாகக் கீழே இழுத்தால், அதன் உயர்ந்த முதுகு உள்ளங்கையில் முட்டி நகர்வைத் தடுத்துவிடுகிறது. எடை அட்டவணையை மட்டும் பார்த்தால் இவ்விரண்டுக்கும் வேறுபாடே தெரியாது.

அளவுகளைப் படிக்கும்போது நீளத்தைவிட, விரல்கள் பிடிக்கும் இடத்தின் அகலத்துக்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். ரேசர் வைப்பர் மினியின் பிடிப்பகுதி 53.5 மில்லிமீட்டர், சிறிய கைகளுக்கு அது கச்சிதமாக இருக்கும், பெரிய கைகளில் சுண்டுவிரல் மவுஸைவிட்டு இறங்கிப் பேடில் உரசும். முதுகின் மேடு எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். மேடு பின்னால் இருந்தால் கிளா கிரிப்பில் உள்ளங்கை அதில் உறுதியாகப் பூட்டிக்கொள்ளும். நடுவில் இருந்தால் பாம் கிரிப்புக்கு இதமாக இருக்கும். இடது கைக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஜி ப்ரோ வயர்லெஸில் பக்கப் பொத்தான்களை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மாற்றிப் பொருத்தலாம். எடையைக் குறைக்கும் போக்கில் அடுத்து வந்த சூப்பர்லைட்டில் வலப்பக்கப் பொத்தான்கள் இல்லாமல் போய்விட்டன. ஒத்த வடிவம் என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி அவர்கள் வாங்கிவிடக் கூடாது.

மொத்த எடையைப் போலவே அது எங்கே குவிந்திருக்கிறது என்பதும் முக்கியம். ஏஏ பேட்டரியில் இயங்கும் லாஜிடெக் ஜி305 பேட்டரியுடன் 99 கிராம் இருக்கிறது. சாதாரண ஆல்கலைன் ஏஏ பேட்டரி ஒன்று சுமார் 23 கிராம் என்பதால், கையில் தூக்கும்போது மவுஸின் பின்பக்கம் தாழ்கிறது. அதே அளவு லித்தியம் பேட்டரி சுமார் 15 கிராம்தான். அதை மாற்றினாலே எட்டு கிராம் குறைவதுடன் சமநிலையும் சீராகிறது. புது மவுஸ் வாங்க இப்போது வசதியில்லை என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். சமநிலையைச் சோதிக்க, மவுஸின் இரு பக்கங்களையும், அடியில் நகர்வைக் கண்டறியும் சென்சார் இருக்கும் இடத்துக்கு நேராக இரு விரல்களால் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். முன்னும் பின்னும் சாயாமல் கிடைமட்டமாக நின்றால் நன்று.

எடையைக் குறைக்க ஓட்டின் தடிமனைக் குறைக்கிறார்கள், உள்தாங்கிகளை வெட்டுகிறார்கள், வண்ண விளக்குகளை நீக்குகிறார்கள், சிறிய பேட்டரி வைக்கிறார்கள். இதில் எல்லை மீறினால் ஓடு வலுவிழக்கிறது. நான் வைத்திருந்த ஒரு மவுஸில், பதற்றத்தில் இறுக்கிப் பிடித்தால் இடப்பக்க ஓடு உள்ளே அமுங்கிப் பக்கப் பொத்தான் தானாகவே அழுந்திவிடும். சண்டையின் நடுவில் ஆயுதம் மாறிவிட்டால் அந்தச் சுற்று அவ்வளவுதான். ஆகவே கையில் கிடைத்ததும் பக்கங்களை அழுத்திப் பார்த்து, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து, உள்ளே ஏதேனும் தளர்ந்து ஒலிக்கிறதா என்று கவனியுங்கள். துளையிட்ட ஓடு கைக்குக் காற்றோட்டம் தரும் என்பது உண்மை. தூசியும் வியர்வையும் அத்துளைகளின் வழியே சர்க்யூட் பலகை வரை இறங்கும் என்பதும் உண்மை. முழு ஓட்டிலேயே 60 கிராமுக்குக் கீழே கிடைக்கும்போது துளைகளைத் தேடிப் போக எனக்குக் காரணம் தெரியவில்லை.

சென்சாரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. பிக்ஸ்ஆர்ட் நிறுவனத்தின் 3360 சென்சாரே நொடிக்கு 250 அங்குலம், அதாவது 6 மீட்டருக்கும் மேலான வேகத்தைப் பிடிக்கும். 3395 நொடிக்கு 650 அங்குலம் வரை பிடிக்கும். 26,000 டிபிஐ என்பதெல்லாம் பெட்டியின்மேல் அச்சிடுவதற்கான எண். துப்பாக்கி ஆட்டங்களில் பெரும்பாலானோர் 400இலிருந்து 1600க்குள்தான் வைத்திருக்கிறார்கள். மவுஸ் நொடிக்கு எத்தனை முறை கணினிக்குத் தகவல் அனுப்புகிறது என்பதே போலிங் ரேட். அது 1000 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிநொடிக்கு ஒருமுறையும், 8000 ஹெர்ட்ஸில் 0.125 மில்லிநொடிக்கு ஒருமுறையும் தகவல் செல்கிறது. உயர்ந்த போலிங் ரேட்டில் பேட்டரி விரைவில் தீரும், பிராசஸரின் வேலையும் கூடும். எடைக்காகச் சிறிய பேட்டரி வைத்த மவுஸில் இது இன்னும் உறைக்கும் என்பதால் நான் 1000இலேயே விட்டுவிடுகிறேன்.

ஒயர் உள்ள மவுஸ்களின் எடை பொதுவாக ஒயரைச் சேர்க்காமல் குறிப்பிடப்படுகிறது. விறைப்பான ரப்பர் ஒயர் மேசை விளிம்பில் உரசி இழுத்தால், குறைத்த கிராம்களின் பயன் அங்கேயே போய்விடும். பாராகார்டு எனப்படும் மென்மையான துணி உறை கொண்ட ஒயரையே தேர்ந்தெடுங்கள். அடியில் உள்ள டெஃப்லான் பாதங்களும் பேடும் சேர்ந்தே மவுஸ் எவ்வளவு வழுக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. 55 கிராம் மவுஸை வழுவழுப்பான கண்ணாடிப் பேடில் வைத்தால், குறியை நிறுத்தும் இடத்தில் கையின் சிறு நடுக்கம்கூடத் திரையில் தெரியும். இலகுவான மவுஸுக்குச் சற்றே சொரசொரப்பான துணிப் பேடுதான் என் தேர்வு.

வியூக ஆட்டங்களையும், பெருந்திரளாகச் சேர்ந்து, ஒரு கதாபாத்திரத்தை ஏற்று ஆடும் ஆர்பிஜி ஆட்டங்களையும் மட்டுமே ஆடுபவர்களுக்கு இந்தத் தேடல் தேவையில்லை. கட்டைவிரலுக்குப் பன்னிரண்டு பொத்தான்கள் தரும் ஒரு கனமான மவுஸ் அவர்களுக்கு இதைவிடப் பல மடங்கு உதவும்.

புது மவுஸ் வந்ததும், பழைய டிபிஐயையும் சென்சிட்டிவிட்டியையும் அப்படியே வையுங்கள். தொடக்கத்தில் குறி இலக்கைத் தாண்டித்தான் போகும், ஏனென்றால் கனமான மவுஸை நகர்த்தப் பழகிய விசையையே கை இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கும். பயிற்சிக் களத்தில் அசையாத இலக்குகளை மெதுவாகச் சுட்டுப் பழகுங்கள். ஓரிரு வாரங்களுக்குப் பிறகும் குறி தாண்டிக்கொண்டே இருந்தால் சென்சிட்டிவிட்டியைப் பத்தில் ஒரு பங்கு குறைத்துப் பாருங்கள். அப்போதும் சரியாகவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.