ஜான் ப்ரைமர் வாசிக்கும் இரவுகள்

ஜனவரி 17

இன்றைக்கு சிகாகோவின் ரோசாஸ் லவுஞ்ச் கிளப்பில் ஜான் ப்ரைமர், அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸைப் பாடிக் கிட்டாரும் வாசிப்பவர். புறநகரான நேப்பர்வில்லில் இருந்து கிளம்பும்போதே பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது, வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்றார்கள், ஆனாலும் எண்பதைத் தொட்டுவிட்ட மனிதர் இந்தக் குளிரில் வந்து பாடுகிறார் என்றால் கேட்கப் போகிறவனுக்கு என்ன என்று வண்டியை எடுத்துவிட்டேன். ஆர்மிட்டேஜ் அவென்யூவில் இருக்கிறது இந்த இடம். இத்தாலியில் மிலானில் இருந்து ப்ளூஸ் பைத்தியத்தோடு வந்த டோனி மஞ்சுல்லோ, தன் அம்மா ரோசாவோடு சேர்ந்து 1984இல் ஆரம்பித்தது. நீளமான அறை, ஒரு பக்கம் பார், கடைசியில் சின்ன மேடை. முன்னால் உட்கார்ந்தால் பாடகரின் முகச்சுருக்கம் வரை தெரியும்.

ப்ரைமர் கோட்டு, தொப்பி எல்லாம் போட்டு மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றார். பெரிய அறிமுகம் எதுவும் கிடையாது. ட்ரம்ஸ்காரர் குச்சியைத் தட்டினார், ஆரம்பித்துவிட்டது. முதல் பாட்டிலேயே நான் கவனித்தது, அவர் பாடும்போது கிட்டார் அநேகமாகச் சும்மா இருக்கிறது. ஒரு வரி பாடி முடித்ததும் மிச்சமிருக்கும் இடத்தில் கிட்டார் அந்த வரிக்குப் பதில் சொல்கிறது, அடுத்த வரி வந்ததும் ஒதுங்கிக்கொள்கிறது. பன்னிரண்டு பார் ப்ளூஸின் அடிப்படையே இதுதான், பார் என்றால் நாலு தட்டு கொண்ட ஒரு தாளச் சுற்று, நாலு நாலு பாராக மூன்று வரிகள், ஒவ்வொரு வரியிலும் முதல் பாதி குரலுக்கு, இரண்டாவது பாதி பதிலுக்கு. புத்தகத்தில் படித்தால் இது வெறும் கணக்கு. ஐந்தடி தூரத்தில் கேட்டால் திண்ணையில் நாலு பேர் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடாமல் பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது.

ஜனவரி 18

நேற்று எழுத விட்டுப்போனது, மவுத் ஆர்கன். அந்தக் கலைஞர் மேடையில் நிற்கும் மைக்கில் வாசிக்கவில்லை. உருண்டையான பழைய மாடல் மைக் ஒன்றை மவுத் ஆர்கனோடு சேர்த்து இரண்டு கைக்குள்ளும் பொத்திப் பிடித்து, அதை நேராக ஒரு வால்வு ஆம்ப்பில், அதாவது பழைய வகை ஒலிபெருக்கியில், சொருகியிருந்தார். உள்ளங்கைக்குள் காற்று அடைபட்டுப் போவதால் ஒலி தடிக்கிறது, ஆம்ப் அதைத் தாங்க முடியாமல் லேசாகக் கரகரக்கிறது, அந்தக் கரகரப்புதான் சிகாகோ மவுத் ஆர்கனின் குரல். வலது கையை ஒரு இழை திறந்தால் ஒலி மலர்கிறது, மூடினால் முனகுகிறது. எத்தனையோ ஒலிப்பதிவுகளில் கேட்டதுதான். ஆனால் விரல்கள் திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டே கேட்டது நேற்றுதான்.

பிப்ரவரி 8

இன்றைக்கு ஆபீஸ் நண்பனையும் இழுத்துக்கொண்டு கிங்ஸ்டன் மைன்ஸ் போனேன். மதுரைக்காரன், ராஜாவின் பாட்டுக்கு வெளியே அதிகம் போகாதவன். ஹால்ஸ்டெட் தெருவில் இருக்கும் இந்த இடத்தில் அடுத்தடுத்து இரண்டு மேடை, ஒரு குழு முடித்தால் பக்கத்து மேடையில் இன்னொரு குழு ஆரம்பிக்கும், இரவு முழுக்க சத்தம் ஓயவே ஓயாது. 1968இல் ஆரம்பித்த கிளப் இது.

ப்ரைமரின் குழு இரண்டு பாட்டு வாசித்ததும் அவன் காதருகே வந்து கேட்டான்: "டேய், பாட்டும் அவரோடது, குழுவும் அவரோடது. ஆனா கிட்டார்ல ஒரு தடவைகூட வெளுத்து வாங்க மாட்டேங்கறாரே, ஏன்?"

நல்ல கேள்வி. அங்கே சத்தத்தில் விளக்க முடியவில்லை, திரும்பி வரும்போது காரில் பேசிக்கொண்டே வந்தோம். இவர் கற்றுக்கொண்ட இடம் அப்படி. 1945இல் மிசிசிப்பியில் கேம்டன் என்ற ஊரில் பிறந்தவர், 1963இல் சிகாகோ வந்து சேர்ந்தார். எழுபதுகளில் தெற்குப் பகுதியில் இண்டியானா அவென்யூவில் தெரசாஸ் லவுஞ்ச் என்று ஒரு நிலவறை பார் இருந்தது, தெரசா நீடம் என்ற அம்மாள் நடத்தியது. அங்கே நிரந்தரக் குழுவில் வருஷக்கணக்காக வாசித்தார் ப்ரைமர். பக்கத்தில் கிட்டார்காரர் சாமி லாஹார்ன், சிகாகோ ப்ளூஸின் பெரிய பாடகரான மடி வாட்டர்ஸிடம் ஏற்கெனவே வாசித்தவர். விரலில் குழாயை மாட்டிக்கொண்டு தந்தி மேல் வழுக்கி வாசிக்கும் வித்தையை ப்ரைமர் அவரிடம்தான் கற்றார். அந்த மாதிரி அறையில், பாடுகிறவரைத் தாண்டி ஒருவர் வாசித்தால் மொத்தக் குழுவும் குழம்பிவிடும். பாடுகிறவருக்கு இடம் விடுவதுதான் அங்கே முதல் பாடம்.

"சரி, அதுக்காக வாழ்நாள் முழுக்கவா?" என்றான். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் வந்தவன், இறங்கும்போது அடுத்த தடவையும் கூப்பிடு என்றான்.

பிப்ரவரி 9

தூக்கம் போதவில்லை. நாளெல்லாம் ப்ளூஸின் துள்ளல் நடையான அந்த ஷஃபிள் தாளம் காலிலேயே இருந்தது.

மார்ச் 15

வெளியே போக முடியாத வாரம், அதனால் வீட்டில் 1981 நவம்பர் 22 செக்கர்போர்ட் லவுஞ்ச் காணொளியைத் திரும்பப் போட்டேன். அப்போது ப்ளூஸ் கிட்டார்காரர் பட்டி கய் நடத்திக்கொண்டிருந்த சின்ன பார் அது. மடி வாட்டர்ஸ் பாடிக்கொண்டிருக்கிறார், அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இருந்த பிரிட்டிஷ் ராக் குழு ரோலிங் ஸ்டோன்ஸ் ஆட்கள் வந்து உட்கார, அவர்களை ஒவ்வொருவராக மேடைக்கு அழைக்கிறார். மிக் ஜாகர், கீத் ரிச்சர்ட்ஸ், ரான் வுட். ஊரே பார்ப்பது அவர்களைத்தான், நான் பார்ப்பது பின்னால் நிற்கும் முப்பத்தாறு வயது ப்ரைமரை. 1980இல் மடி வாட்டர்ஸின் பழைய குழு மொத்தமாக விலகியபோது புதுக் குழுவில் வந்து சேர்ந்தவர் இவர், 1983இல் மடி இறக்கும் வரை கூடவே இருந்தார். மடி மேடைக்கு வருவதற்கு முன்னால் கூட்டத்தைச் சூடேற்றுகிற பொறுப்பு குழுவுடையது, அந்த இரவிலும் குழு முதலில் வாசித்த பிறகுதான் மடி வருகிறார்.

மடி வாட்டர்ஸின் குழுவில் வாசிப்பது லேசில்லை. அவர் தாளத்துக்குக் கொஞ்சம் பின்தங்கியே பாடுவார், ஒரு சொல்லை எப்போது விடுவார் என்று தெரியாது, பன்னிரண்டு பார் என்று எண்ணிக்கொண்டு இருந்தால் ஒரு பாரைக் கூட்டிவிடுவார் அல்லது குறைத்துவிடுவார். அவர் மாறும்போது எல்லோரும் மாற வேண்டும். அதற்கு எண்ணிக்கை உதவாது, பாடுகிறவரின் தோளையும் முகத்தையும் பார்த்துக்கொண்டே வாசிக்கத் தெரிய வேண்டும். இன்றைக்கு ப்ரைமரின் குழு அதே கண்ணோடு ப்ரைமரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஒரு தலைமுறை இன்னொரு தலைமுறைக்குக் கொடுத்தது இது, எழுதி வைக்க முடியாத விஷயம்.

ஏப்ரல் 30

மடி வாட்டர்ஸின் நினைவு நாள். கடைசிக் காலத்தில் அவர் இருந்த வெஸ்ட்மான்ட், எங்கள் வீட்டில் இருந்து ரொம்பப் பக்கம், தமிழர்கள் நிறைய இருக்கும் புறநகர்ப் பகுதி. வாரம்தோறும் அந்த வழியாகக் காய்கறி வாங்கப் போகும் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று தெரியவில்லை, அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மடி 1943இல் மிசிசிப்பியில் இருந்து சிகாகோ வந்தபோது கையில் இருந்தது சாதாரணக் கிட்டார். குடித்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருக்கும் கூட்டத்தில் அது யார் காதிலும் விழவில்லை, அதனால்தான் மின்சாரக் கிட்டாருக்கு மாறினார். ஆக, இந்த இசையின் ஒலியே இரைச்சல் நிறைந்த சின்ன அறையில் இருந்து பிறந்தது. ஆம்ப், பொத்திப் பிடித்த மைக், அழுத்தமான தாளம் எல்லாமே அந்த அறைக்காக வந்தவை. அதை அந்த மாதிரி அறையிலேயே கேட்பதுதான் நியாயம் என்று நான் அடித்துச் சொல்வேன்.

மே 24

மறுபடி ரோசாஸ். இந்த முறை மதுரைக்காரனே டிக்கெட் எடுத்துவிட்டான். இரண்டாவது செட்டில், அதாவது இரண்டாவது சுற்று வாசிப்பில், ப்ரைமர் குழாயை விரலில் மாட்டினார். நான் மேடைக்கு இடப்பக்கம் இருந்ததால் இடது கை நன்றாகத் தெரிந்தது. குழாய் தந்தியை அழுத்துவதில்லை, தொட்டும் தொடாமலும் மிதக்கிறது, பின்னால் வரும் விரல்கள் தேவையில்லாத அதிர்வை அமுக்கிக்கொண்டே நகர்கின்றன. போய்ச் சேர வேண்டிய சுரத்துக்கு ஒரு மயிரிழை கீழேயே நின்று, நடுங்கி, பாடி முடிக்காத சொல்லைக் கிட்டார் முடிக்கிறது. என் நண்பன் வாயைத் திறக்கவில்லை, என் கையை மட்டும் ஒரு தடவை அழுத்தினான்.

பேஸ் கிட்டார் வாசித்தவரைப் பற்றியும் ஒரு வரி எழுதாமல் விட மனசு வரவில்லை. மொத்த இரவிலும் தனியாக ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை, ஆனால் அவர் இல்லாவிட்டால் மேலே எதுவும் நின்றிருக்காது.

இடைவேளையில் ப்ரைமரின் 1995 ஆல்பம் பற்றிப் பேச்சு வந்தது, "தி ரியல் டீல்". அந்த வருஷம்தான் ப்ளூஸ் பாடகர் மேஜிக் ஸ்லிம்மின் டியர்ட்ராப்ஸ் குழுவில் பத்து வருஷத்துக்கும் மேல் இருந்துவிட்டுத் தனியாக வந்தார். ஐம்பது வயதில் ஒருவர் தன் பெயரில் குழுவை நடத்த ஆரம்பிக்கிறார் என்றால், அதுவரை அவர் அடுத்தவர் பாட்டைத் தாங்கிப் பிடித்த வருஷங்களை நினைத்துப் பாருங்கள்.

ஜூன் 7

மில்லேனியம் பார்க்கில் சிகாகோ ப்ளூஸ் திருவிழா. இலவசம், குழந்தைகளோடு புல்வெளியில் உட்கார்ந்து கேட்கலாம், மேலே குறுக்கும் நெடுக்குமாகப் போகும் கம்பிகளில் தொங்கும் ஸ்பீக்கர்களால் கடைசி வரிசைக்கும் ஒலி சுத்தமாக வருகிறது. வருஷம்தோறும் போவேன், போகத்தான் வேண்டும். ஆனாலும் பெரிய மேடையில் குழுவினர் ஒருவருக்கொருவர் பத்தடி தள்ளி நிற்கிறார்கள், எதிரே இருப்பவர்களுக்கு அவர்கள் கண் தெரிவதில்லை, யார் யாருக்கு இடம் விடுகிறார்கள் என்பதும் தெரிவதில்லை. அதனால் கூட்டம் நீண்ட சோலோவுக்குத்தான் கைதட்டுகிறது.

சிகாகோவில் இருப்பவர்களும், வேலை விஷயமாக இங்கே வந்து போகிறவர்களும் ஒரு இரவை இதற்கு ஒதுக்குங்கள். ப்ரைமர் வெளிநாட்டுப் பயணத்தில் இல்லாத வாரங்களில் இந்த ஊர் கிளப்புகளில் வாசிப்பார். கதவு திறந்ததும் போய்விடுங்கள், இடப்பக்கம் முன்வரிசையில் உட்காருங்கள், முதல் செட்டோடு கிளம்பிவிடாதீர்கள்.