மழைக்குப் பஞ்சமில்லை, தண்ணீரைத்தான் காணோம்

வடக்கு யார்க்‌ஷயரில் இருக்கும் செட்டில் என்ற இங்கிலாந்துச் சிற்றூருக்கு வருகிறவர்கள் அருவி, சுனை, ஆறு என்று தண்ணீர் பார்க்கத்தான் வருகிறார்கள். 1249-இல் சந்தை கூட்ட அரச அனுமதி பெற்ற ஊர் இது. இன்றும் செவ்வாய்க்கிழமை சந்தை. மழைக்கும் குறைவில்லை. ஆனால் பெய்த மழை தரையில் நின்றால்தானே! சுற்றிலும் சுண்ணாம்புக்கல் மலை. பாறை முழுக்க வெடிப்பு, வெடிப்புக்குக் கீழே குகை. மேலே விழுந்த தண்ணீர் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே போய், சம்பந்தமே இல்லாத இடத்தில் வெளியே வரும்.

குடையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மேட்டில் அடிக்கிற காற்றுக்கு ஐந்து நிமிடம் தாங்காது. தொப்பி வைத்த மழைக்கோட்டும் மழைக்காற்சட்டையும் போதும். ஜீன்ஸ் மட்டும் வேண்டாம். ஒருமுறை நனைந்தால் இரவுச் சாப்பாடு வரைக்கும் காயாது.

ஊருக்கு மேற்கே கிகிள்ஸ்விக்கில், சாலையோரமாக ஒரு கல்தொட்டி. தண்ணீர் திடீரென்று வடிந்து திடீரென்று ஏறும் என்று நூற்றாண்டுகளாகப் பேர் வாங்கிய சுனை. பாறைக்குள் இயற்கையாக அமைந்த சைஃபன்தான், அதாவது நிரம்பியதும் தண்ணீரைத் தானே இழுத்து வடிக்கும் வளைகுழாய்தான் காரணம் என்பார்கள். இப்போதெல்லாம் அது ஏறி இறங்குவது அபூர்வம். ஆகவே நடப்பது என்னவென்றால், நாலு பேர் மழையில் நின்று அசையாத தொட்டியை முறைத்துப் பார்க்க, போகிற கார்க்காரர்கள் வேகத்தைக் குறைத்து அந்த நாலு பேரைப் பார்ப்பார்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் அங்கே நிற்காதீர்கள்.

ஸ்டெயின்ஃபோர்த் அருவிக்கு நம்பிப் போகலாம். ஊரிலிருந்து ரிப்பிள் ஆற்றை ஒட்டியே வடக்கே மூன்று மைல் போல நடை. அக்டோபர், நவம்பரில் சால்மன் மீன்கள் முட்டையிட மேலே போகும்போது அருவியைத் தாண்டிக் குதிக்கும். நாள் பார்த்துப் போகவேண்டும், அதுதான் சூட்சுமம். மழையே இல்லையென்றால் மீன் கீழ்மடுவிலேயே படுத்திருக்கும். கொட்டித் தீர்த்த அன்று போனால் பழுப்பு வெள்ளம் மட்டும்தான் தெரியும். வெள்ளம் வடிய ஆரம்பிக்கிற நேரம் சரி. கேமராவை மீனைத் தேடி ஆட்டாமல், மேல்படியில் ஓர் இடத்தைக் குறிவைத்து வரிசையாகச் சுட்டுக்கொண்டே இருங்கள். அப்படியும் பாதிப் படத்தில் வால்தான் இருக்கும்.

மால்ஹம் கிராமத்துக்குப் போகிறவர்களுக்கு முதல் சோதனை அருவியில்லை, வேலிச் சந்து. கல்வேலியில் ஆடு நுழையாதபடி கீழே குறுகலாக விட்டிருக்கும் இடைவெளி அது. மனிதன் பக்கவாட்டில் நுழையலாம், முதுகுப்பை நுழையாது. பையைக் கழற்றி முதலில் அந்தப்பக்கம் கொடுத்துவிட்டு நுழைவதுதான் முறை. கழற்றச் சோம்பல்பட்டு மாட்டிக்கொண்டவர், பின்னால் வரிசை நிற்க, அந்தப்பக்கத்துச் செம்மறிக்கு நேருக்கு நேர் நிற்பார். செம்மறி நகராது.

அங்கே மால்ஹம் கோவ் என்ற பாறைச்சுவர் 80 மீட்டர் உயரம். பார்த்ததுமே எல்லோரும் கேட்பது, ‘அருவி எங்கே?’ பனியுகத்து உருகுநீர் விழுந்த இடம். இப்போது வறண்ட சுவர். 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயலின்போது சில மணி நேரம் மறுபடி கொட்டியது, அவ்வளவுதான். மேலே மால்ஹம் ஏரியிலிருந்து வரும் ஓடை தரைக்குள் மறைவதைக் காட்டி, ‘அதுதான் சுவரடியில் வருகிறது’ என்று யாராவது விளக்குவார்கள். தப்பு. அது கிராமத்தையும் தாண்டித் தெற்கே ஏர் ஹெட் ஊற்றில் வருகிறது. சுவரடியில் வருவது வேறொரு ஓடை. சாயம் கலந்தே பார்த்துவிட்டார்கள்.

ஏறக்குறைய 400 படி ஏறினால் உச்சியில் வெடித்த பாறைத்தளம். ஈரத்தில் சோப்பு தடவியது போல வழுக்கும். வெடிப்புகள் கைக்கெட்டாத ஆழம். செல்பி எடுக்கும்போது போன் விழுந்தால், அங்கே வளரும் பெரணிகளுக்குத் துணையாக இருக்கட்டும் என்று விடவேண்டியதுதான்.

ரிப்பிள்ஹெட் ரயில் பாலத்தைப் பற்றி ஒரே வார்த்தை: ரயிலுக்குள் உட்கார்ந்தால் 24 வளைவும் உங்களுக்குக் கீழே, அழகைப் பார்க்க முடியாது. அந்த நிலையத்தில் இறங்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். திரும்பும் ரயில் நேரத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு மணி நேர இடைவெளி சாதாரணம்.

காணாமல் போகும் தண்ணீரைக் கையும் களவுமாகப் பிடிக்க கேப்பிங் கில் என்ற குகைக்குழிதான் சரியான இடம். கிளாப்ஹம் கிராமத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் ஏற்றம். ஃபெல் பெக் ஓடை ஒரே பாய்ச்சலில் 98 மீட்டர் குழிக்குள் விழுகிறது. வருடத்தில் இரண்டு முறை, மே கடைசியிலும் ஆகஸ்டிலும், குகைச் சங்கத்தார் ஓடையைத் திருப்பிவிட்டு, விஞ்ச் என்ற கம்பிவடச் சுருளியில் நாற்காலி கட்டி ஆட்களை இறக்குவார்கள். திருப்பிவிட்டாலும் நனையாமல் இறங்க முடியாது. ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்வது நல்லது. கட்டணம் பற்றி அங்கே ஒரு பழைய வேடிக்கை உண்டு: இறங்குவது இலவசம், மேலே வரத்தான் காசு.