ஜாக் ஹில்ஸ் சிர்கான் குறிப்புகள்

4 ஜூன் 2024, செவ்வாய், பெர்த்

ஊரில் வாக்கு எண்ணிக்கை நாள். கைபேசியில் ஒரு கண், கணினியில் திறந்து வைத்த கட்டுரையில் ஒரு கண். நேச்சர் ஜியோசயின்ஸ் ஆய்விதழில் ஹமெத் கமலெல்தீனும் கூட்டாளிகளும் எழுதியது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் மலைகளில் கிடைத்த சிர்கான் என்ற கனிமத் துகள்களை வைத்து, 400 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூமியில் நன்னீர் இருந்தது, மழை பெய்து நிலத்துக்குள் இறங்கியது என்கிறார்கள்.

இரவு அப்பா அழைத்தார். "கல்லுக்குள்ள தண்ணி இருக்குன்னு போட்டிருக்கான், நெசமா மக்களே?" இல்லை. அந்தச் சிர்கானைப் பிழிந்தாலும் சொட்டு வராது. தண்ணீர் தொட்டது வேறொரு பாறையை. அந்தப் பாறை உருகிய குழம்பில் பிறந்தது சிர்கான். தண்ணீருக்கு அது நேரில் பார்த்த சாட்சி கிடையாது, கேள்விப்பட்ட சாட்சி. இதை அப்பாவுக்குச் சொல்லி முடிப்பதற்குள், "தொகுதி முடிவு வருது, வெச்சிடுறேன்" என்று வைத்துவிட்டார்.

6 ஜூன், வியாழன்

நாள் முழுக்கத் துகள் பொறுக்கும் வேலை. பாறையை உடைத்து, அரைத்து, சலித்து, கனமான திரவத்தில் போட்டால் குவார்ட்ஸ் மிதக்கும், சிர்கான் அடியில் தங்கும். காந்தத்துக்கு இழுபடுவதை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை நுண்ணோக்கிக்கு அடியில் ஊசி முனையால் ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டுநாடாவில் வரிசையாக வைக்க வேண்டும். ஒரு துகள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோதான் இருக்கும். ஊசியில் கொஞ்சம் நிலைமின்னேற்றம் ஏறினால் போதும், துள்ளி ஓடிவிடும். அப்புறம் தேடுவது வீண்.

என்னிடம் இருப்பது மேற்கு ஆஸ்திரேலியாவின் யில்கார்ன் பகுதிக் கிரானைட், சுமார் 265 கோடி வயது. இங்கே அது சின்னப் பிள்ளை. பக்கத்து மேசையில் ஜாக் ஹில்ஸ் துகள்கள் இருந்தன, எட்டிப் பார்த்தேன். சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம். பலவற்றில் முனைகள் மழுங்கியிருக்கின்றன, ஆற்றில் உருண்டு வந்தவை அல்லவா. அவை கிடைப்பது கூழாங்கற்கள் இறுகிச் சேர்ந்த ஒரு பாறையில். அந்தப் பாறைக்கே சுமார் 300 கோடி வயதுதான். சிர்கான் பிறந்த தாய்ப்பாறை அழிந்து, மணலாகி, துகள் மட்டும் தப்பித்திருக்கிறது. அதிலும் 400 கோடியைத் தாண்டியவை நூற்றில் சிலதான்.

எங்கள் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணலிலும் இதே கனிமம்தான் இருக்கிறது. தரை ஓட்டுப் பூச்சுக்குப் போகும் சரக்கை இங்கே ஊசியால் எண்ணி எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

11 ஜூன், செவ்வாய்

வயதை எப்படி நம்புவது என்று புதிதாகச் சேர்ந்த தம்பி கேட்டான். நல்ல கேள்வி. சிர்கான் வளரும்போது சிர்கோனியம் இருக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் யுரேனியத்தை ஏற்றுக்கொள்ளும், ஈயத்தைப் பெரும்பாலும் சேர்க்காது. ஆகவே இன்று உள்ளே இருக்கும் ஈயம் யுரேனியம் சிதைந்து உண்டானது. யுரேனியம் 238, 235 இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சிதைவதால் ஒரே துகளில் இரண்டு கடிகாரங்கள். இரண்டும் ஒரே நேரம் காட்டினால் நம்பலாம்.

1983இல் கான்பெராவில் வில்லியம் காம்ப்ஸ்டன் குழுவினர் தாங்களே கட்டிய, வயது அளக்கும் ஷ்ரிம்ப் கருவியால் மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் நாரியரில் 410 கோடியைத் தாண்டிய துகள்களைக் கண்டார்கள். 1986இல் ஜாக் ஹில்ஸ். 2001இல் சைமன் வைல்ட், ஜான் வேலி குழு 440 கோடி வயது துகளை அறிவித்தது. ஈயம் உள்ளுக்குள் நகர்ந்து வயதைக் கூட்டிக் காட்டுகிறதோ என்ற சந்தேகம் அதன் பிறகும் விடவில்லை. 2014இல் வேலி குழு அணுக்களை ஒவ்வொன்றாக உரித்து எண்ணிப் பார்த்தது. ஈயம் நகர்ந்திருக்கிறது, ஆனால் சில நானோமீட்டர் தூரம்தான். வயது 437.4 கோடி என்று நின்றது. பூமிக்கே 454 கோடி.

15 ஜூன், சனி

மழை. வெளியே போக வழியில்லை, ஆக்சிஜன் கணக்கோடு உட்கார்ந்தேன். விஷயத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது.

ஆக்சிஜனில் 16 என்றும், அதைவிடக் கனமான 18 என்றும் வகை உண்டு. சுமார் ஐந்நூறு அணுவுக்கு ஒன்று 18. கடல்நீரைப் பூஜ்யமாக வைத்து, ஆயிரத்துக்கு எவ்வளவு கூட அல்லது குறைய என்று அளப்பார்கள். பூமியின் மேலோட்டுக்கு அடியில் உள்ள மேன்டிலிலிருந்து நேராக வந்த குழம்பில் பிறக்கும் சிர்கானுக்கு 5.3. உலகில் எங்கே அளந்தாலும் ஏறக்குறைய அதுதான். ஜாக் ஹில்ஸ் துகள்களில் பல இதைத் தாண்டி நிற்கின்றன. 2001இன் அந்தத் துகளில் 7.4 வரை போனது.

இரண்டு புள்ளி கூடினால் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் உருகிய நிலையின் வெப்பத்தில் இந்த இரண்டு வகையும் அதிகம் பிரிவதில்லை. கனமான ஆக்சிஜன் பாறையில் இவ்வளவு சேர வேண்டுமானால், அது குறைந்த வெப்பத்தில், தண்ணீரோடு கிடந்து களிமண்ணாக மாறியிருக்க வேண்டும். அந்த மண் கீழே புதைந்து, உருகி, குழம்பில் கலந்து, அதில் சிர்கான் விளைகிறது. அதாவது 430 கோடி ஆண்டு வாக்கிலேயே மேற்பரப்பில் திரவ நீர் இருந்தது. எரிகுழம்புக் கடலாகக் கொதித்த யுகம் என்று பாதாளத்தின் பெயரை வைத்து 'ஹேடியன்' என்றார்கள். வேலி 2002இல் அதைக் 'குளிர்ந்த இளம் பூமி' என்று திருப்பிப் போட்டார்.

அளக்கும் வரிசையும் முக்கியம். ஆக்சிஜனை முதலில் அளக்க வேண்டும், வயதை அப்புறம்தான். வயது அளக்கும் கருவி ஆக்சிஜன் கற்றையையே துகளில் பாய்ச்சும். வரிசை மாறினால் நாமே ஊற்றிய ஆக்சிஜனை நாமே அளந்து கொண்டாட வேண்டியதுதான்.

23 ஜூன், ஞாயிறு

எதிர்த்தரப்பையும் எழுதி வைக்கிறேன். வாட்சனும் ஹாரிசனும் 2005இல் சிர்கானில் உள்ள டைட்டானியத்தை வைத்து, குழம்பின் வெப்பம் 700 டிகிரி வாக்கில் என்றார்கள். ஈரமான கிரானைட் உருகும் வெப்பம் அது, ஆகவே தண்ணீர் இருந்தது என்பது வாதம். ஆனால் மற்றக் குழம்புகளும் ஆறும் கட்டத்தில் அந்த வெப்பத்துக்கு வரத்தானே செய்யும்? அதனால் இதை மட்டும் வைத்து நான் தண்ணீர் என்று சொல்ல மாட்டேன். சிர்கானுக்குள் அடைபட்ட மஸ்கோவைட் போன்ற கனிமங்களைத் தண்ணீருக்கு ஆதாரமாகக் காட்டியதும் ஆட்டம் கண்டது. 2011இல் ராஸ்முசனும் கூட்டாளிகளும் அவற்றில் பல பிறகு விரிசல் வழியாக நுழைந்தவை என்று காட்டினார்கள்.

ஆக்சிஜனுக்கும் அதே ஆபத்து உண்டு. யுரேனியக் கதிர்வீச்சில் படிகம் நொறுங்கினால் பின்னாள் தண்ணீர் உள்ளே போய்க் கணக்கைக் கெடுக்கும். அதற்குத்தான் எலக்ட்ரான் பாய்ச்சி ஒளிரவைத்துப் படம் எடுக்கிறோம். இன்று என் துகள்களைப் பார்த்தேன்: மரத்தை அறுத்தால் தெரியும் வளையங்கள் போல வெளுப்பும் கறுப்புமாகப் பட்டைகள். பட்டை ஒழுங்காக இருக்கும் இடத்தில் அளக்கலாம்; கலங்கிய இடத்தைத் தொடவே கூடாது. இப்படிக் கழித்துக் கட்டிய பிறகும் 5.3ஐத் தாண்டிய துகள்கள் மிஞ்சுகின்றன. கடல் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை.

2 ஜூலை, செவ்வாய்

மறுபடி அந்த நன்னீர்க் கட்டுரை. இதில் ஆக்சிஜன் எண் எதிர்த்திசையில் போகிறது: 400 கோடி ஆண்டுத் துகளில் 5.3க்குக் கீழே, 2 வரை. ஆவியாகி, மேகமாகி, மழையாகும் தண்ணீரில் கனமான ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகும். அந்த மழைநீர் சூடான பாறைக்குள் சுற்றினால் பாறையின் ஆக்சிஜனும் இலேசாகும். சூடான கடல்நீரும் எண்ணைக் கொஞ்சம் இறக்கும், ஆனால் இவ்வளவு தூரம் இறக்காது என்பது அவர்களின் கணக்கு. ஐஸ்லாந்திலும் யெல்லோஸ்டோனிலும் இன்றைய எரிமலைப் பாறைகளில் இதே இறக்கத்தைப் பார்க்கிறோம், அதனால் வழிமுறையில் எனக்குச் சண்டை இல்லை.

தயக்கம் வேறிடத்தில். மழைநீர் உள்ளே இறங்க நிலம் கடலுக்கு மேலே இருந்தாக வேண்டும், சரி. அதற்காகக் கண்டங்கள் எழுந்து நின்றன என்று சிலர் பேசத் தொடங்கிவிட்டார்கள். இவ்வளவு குறைந்த எண் காட்டும் துகள்கள் கொஞ்சம், அவையும் ஒரே மலைத்தொடரிலிருந்து வந்தவை. கடலிலிருந்து தலை தூக்கிய ஓர் எரிமலைத் தீவு இருந்து, அதன்மேல் விடாமல் மழை பெய்திருந்தாலே இந்த எண் வந்துவிடும். தீவைத் தாண்டி எதையாவது சொல்ல வேண்டுமானால், வேறொரு கண்டத்திலும் இதே வயதில் இதே இறக்கம் காட்டும் துகள்கள் கிடைக்க வேண்டும்.