மேளம் அடிப்பவருக்குப் பட்டம் எங்கே என்று கேட்டார்கள்

முழுசாக 14 மாதம். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் நடனத்துறையில் பகுதிநேர ஆசிரியையாக இருக்கிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப்போவதில்லை, அடுத்த செமஸ்டர் சம்பளமும் அங்கிருந்துதான் வரவேண்டும். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களில் ஏற்றிக் கொண்டுபோகப்பட்டவர்கள் ஹைட்டியிலும் கியூபாவிலும் பிரேசிலிலும் வளர்த்தெடுத்த ஆட்டங்களை இரண்டு கிரெடிட் பாடமாகக் கொண்டுவரவேண்டும், அவ்வளவுதான் காரியம். பாடத்துக்கு அனுமதி வாங்குவதுதான் பெரும்பாடாக இருக்கும் என்று நினைத்து இறங்கினேன். அது மூன்றே வாரத்தில் முடிந்துவிட்டது. மிச்சமிருந்த ஒரு வருடத்துக்கு மேலான காலம் முழுக்க மேளம் வாசிக்கும் ஒரு மனிதருக்குச் சம்பளம் வாங்கித் தருவதிலேயே போனது.

அனுமதி பற்றி இரண்டே வரி. முதல் தடவை ஸ்பெஷல் டாபிக்ஸ் எண்ணில் (தற்காலிகப் பாடங்களுக்கான பொது எண்) ஓட்டுங்கள், நிரந்தர எண்ணை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். கற்றல் விளைவுகள் என்ற கட்டத்தில் 'புரிந்துகொள்வார்கள்' என்று எழுதினால் திரும்பி வரும், 'செய்து காட்டுவார்கள்' என்று எழுதினால் போய்விடும்.

பாடத்துக்கு அனுமதி தந்த கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் வேறு துறையைச் சேர்ந்த கறுப்பினப் பேராசிரியை ஒருவர் என்னை நிறுத்தி, இதை ஏன் நீ சொல்லித்தரவேண்டும் என்று நேராகவே கேட்டார். கோபம் வரவில்லை. கேட்கவேண்டிய கேள்வி. பன்னிரண்டு வருடம் பரதம் ஆடியவள் நான். இங்கே எம்.எஃப்.ஏ. என்ற முதுகலைப் பட்டம் படிக்கும்போதுதான் கறுப்பின நடனக் கலைஞர் கேதரின் டன்ஹாமின் நடன முறை அறிமுகமானது. முதல் நாள் யான்வாலு என்ற ஹைட்டி ஆட்டத்தை ஆடச் சொன்னார்கள், என் முதுகு மாட்டேன் என்று சொல்லிவிட்டது. முட்டி மடங்குவது நமக்குப் பழகியதுதான், ஆனால் அரைமண்டியில் முதுகு கம்பு மாதிரி நிற்கவேண்டும், யான்வாலுவிலோ இடுப்பில் கிளம்பிய அலை ஒவ்வொரு எலும்பாக ஏறிக் கழுத்து வரைக்கும் போகவேண்டும், ஏனென்றால் அது தம்பாலா என்ற பாம்புத் தெய்வத்துக்கான ஆட்டம். அது எனக்கு ஓரளவு வரவே இரண்டு வருடம் ஆனது. இந்தக் கையிருப்பை வைத்துக்கொண்டு தனியாக நின்று சொல்லித்தர முடியாது என்று எனக்கே தெரியும்.

அதனால்தான் தொன்தொன். ஹைட்டியின் கிரெயோல் மொழியில் மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் அந்த ஒரே சொல்தான், நாங்கள் எல்லோருமே அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். வயது 67. ஹைட்டியின் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் நாட்டார் நடனக் குழு ஒன்றில் வாசித்தவர், ஆடவும் சொல்லித்தருவார். இப்போது எங்கள் ஊரிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கிறார். இருவரும் சேர்ந்து நடத்துவது, அவர் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவது என்று முடிவு செய்தோம்.

நிதிக்குழுவில் ஒருவர் ரொம்ப அன்பாகச் சொன்னார், நல்ல ஸ்பீக்கர் ஒன்று வாங்கித் தருகிறோம், யூடியூபில்தான் எல்லாம் கிடைக்கிறதே என்று. அவருக்குப் பத்து நிமிடம் விளக்கினேன். இந்த ஆட்டத்துக்கு வாசிக்கும் ராடா மேளம் மூன்று. சின்னது பூலா, தாளத்தை மாறாமல் பிடித்துக்கொள்ளும். நடுவிலிருப்பது செகோன். பெரியது மன்மன், அம்மா என்று அர்த்தம், அதை வாசிப்பவர்தான் ஆடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார். உடம்பில் அலை ஓடிக்கொண்டிருக்கும்போது மன்மன் சட்டென்று தாளத்தை உடைக்கும், அதற்குக் காசே என்று பெயர், அந்த இடத்தில் ஆடுகிறவரின் உடம்பும் உடைந்து திரும்பவேண்டும். எப்போது உடைப்பது என்று எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை, வாசிப்பவர் நம் தோளையும் மூச்சையும் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். ஸ்பீக்கர் யாரைப் பார்க்கும்? நட்டுவனார் தட்டுக்கழியை நிறுத்திவிட்டு நம்மை முறைக்கிறாரே, அதைப் பதிவு செய்து போட்டுக் கேட்க முடியுமா?

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒன்றும் அசையவில்லை. கடைசியில் சும்மா ஒரு வார்த்தை கேட்டேன், பாலே வகுப்புக்கு ஸ்பீக்கர் வாங்கியாகிவிட்டதா என்று. பாலே வகுப்புக்கு வாரம் நான்கு நாள் பியானோ வாசிக்க ஆள் வருகிறார், நான் சேருவதற்குப் பல வருடம் முன்பிருந்தே வருகிறார், அவர் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. அறையில் சத்தமே இல்லை. பணம் அந்த வாரமே ஒதுக்கப்பட்டது. நீங்கள் இந்த மாதிரி கூட்டத்துக்குப் போகிறீர்கள் என்றால் காசே, மன்மன் எல்லாவற்றையும் அப்புறம் சொல்லிக்கொள்ளுங்கள், பியானோவில் ஆரம்பியுங்கள்.

(கோரிக்கைக் கடிதத்தில் இன்னொரு வாக்கியமும் இருந்தது. 1739-இல் ஸ்டோனோ என்ற அடிமைகளின் கிளர்ச்சி நடந்த பிறகு தென் கரோலினா 1740-இல் சட்டம் போட்டு அடிமைகள் மேளம் வைத்திருப்பதையே தடை செய்தது, அந்த வரிசையில் நமது நிதிக்குழுவும் சேர வேண்டாம் என்று எழுதியிருந்தேன். துறைத்தலைவர் சிரித்துக்கொண்டே அடித்துவிட்டார். இப்போது நினைத்தாலும் அந்த வாக்கியம் இருந்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.)

பணம் வந்தது, ஆள் சேர்ப்பில் மாட்டிக்கொண்டோம். பாடத்தின் ஆசிரியர் என்று பெயர் போடவேண்டுமானால் முதுகலைப் பட்டம் வேண்டும், டிரான்ஸ்கிரிப்ட் அனுப்புங்கள் என்றார் மனிதவளப் பிரிவில் ஒரு பெண்மணி. தொன்தொன் பள்ளியோடு நிறுத்தியவர் என்றேன். அப்படியானால் 'துணை வாசிப்பாளர்' என்று மணிக்கூலியில் போட்டுக்கொள்ளலாமே என்றார். இங்கேதான் பெரும்பாலானவர்கள் சரி என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். சொல்லாதீர்கள். எங்கள் பகுதிக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தருகிற ஹையர் லேர்னிங் கமிஷனின் விதியிலேயே பட்டத்துக்குப் பதிலாக 'இக்விவலன்ட் எக்ஸ்பீரியன்ஸ்' (முன்பு 'டெஸ்டட் எக்ஸ்பீரியன்ஸ்') என்று ஒரு வழி இருக்கிறது, அதாவது தொழிலில் நிரூபித்த அனுபவத்தையே தகுதியாக எடுத்துக்கொள்ளலாம். அதற்கு எங்கள் பல்கலைக்கழகத்தில் தனிப் படிவமே இருந்தது. இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, கெமிஸ்ட்ரி துறையில் இருக்கும் ஒரு தோழி சொல்லித்தான் தெரியும்.

முன்னுதாரணம் காட்டச் சொன்னார்கள். டன்ஹாமையே காட்டினேன். சிகாகோ பல்கலைக்கழகத்தில் மானிடவியல் படித்தவர், 1935-இல் ரோசன்வால்ட் நிதியோடு கரீபியனுக்குப் போய் ஹைட்டியின் ஆட்டங்களை ஆராய்ந்தவர், 1967-இல் ஈஸ்ட் செயின்ட் லூயிஸில் சதர்ன் இல்லினாய் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து கலைப் பயிற்சி மையம் ஆரம்பித்தவர். அங்கே சொல்லித்தர செனகலிலிருந்து மோர் தியாம் என்ற மேளக்காரரை வரவழைத்தார், பாடகர் ஏகானின் அப்பா. இதுவும் மத்திய மேற்குதான், இதுவும் மாநிலப் பல்கலைக்கழகம்தான் என்று அடிக்கோடு போட்டு அனுப்பினேன். முன்னுதாரணம் நன்றாக இருக்கிறது, இனி தொன்தொன் வாசித்ததற்கான ஆவணங்களை அனுப்புங்கள் என்று பதில் வந்தது.

ஆவணங்களுக்கு எங்கே போவது? 2010 ஜனவரி 12 நிலநடுக்கத்தில் அவர் வீடு தரைமட்டம். நிகழ்ச்சி நோட்டீஸ், போட்டோ, குழுவின் அடையாள அட்டை எல்லாம் அதோடு போயின. தொலைபேசியில் இதைச் சொன்னேன். எதிர்ப்பக்கம் கொஞ்சநேரம் பேச்சில்லை, பிறகு, மாற்றுப் பிரதிக்கு அந்தக் குழுவிடமே விண்ணப்பிக்கலாமே என்று பதில் வந்தது. நான் ஃபோனை வைத்துவிட்டுக் கார் நிறுத்துமிடத்தில் போய்க் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நான்கு மாதம் கழித்து மொன்ட்ரியாலில் இருக்கும் அவர் தங்கை ஒரு தாளை அனுப்பினார். புடவைப்பெட்டி மாதிரி அவருக்கும் ஒரு பெட்டி இருந்திருக்கிறது. 1983-இல் நடந்த நிகழ்ச்சியின் நோட்டீஸ், மடித்த இடத்தில் கிழிந்து டேப் ஒட்டியது, வாசிப்பவர்கள் வரிசையில் இரண்டாவதாக அவர் பெயர். நான் துள்ளிக் குதித்தேன். அலுவலகம் அதைப் பார்த்துவிட்டு இது பிரெஞ்சில் இருக்கிறதே என்றது. எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் பிரெஞ்சுத் துறை இருக்கிறது, அங்கே ஒரு பேராசிரியர் ஐந்து நிமிடத்தில் மொழிபெயர்த்துக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். செல்லாது, சான்று பெற்ற மொழிபெயர்ப்பு நிறுவனம்தான் செய்யவேண்டும் என்றார்கள். 38 வார்த்தைக்கு 40 டாலர், என் பையிலிருந்து. அந்தத் தாளோடு மூன்று பேராசிரியர்களின் கடிதமும் சேர்த்ததும் படிவம் தேறியது.

இனி எல்லாம் சுலபம் என்று நினைத்தால் ஐ-9, இங்கே வேலை செய்ய உரிமை இருக்கிறதா என்று சரிபார்க்கும் அரசுப் படிவம். வேலையில் சேர்ந்து மூன்று வேலைநாளுக்குள் அசல் ஆவணத்தை நேரில் காட்டவேண்டும். ஜனவரி, முழங்கால் அளவுக்குப் பனி, ஒன்றரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்தார். கவுன்டரில் கிரீன் கார்டு கேட்டார்கள். அவருடையது காலாவதியாகிப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறது. ஓட்டுநர் உரிமமும் சோஷியல் செக்யூரிட்டி அட்டையும் பர்ஸிலேயே இருந்தன, எடுத்தும் காட்டினார். கிரீன் கார்டு இல்லாமல் முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி ஒன்றரை மணி நேரம். எந்த ஆவணத்தைக் காட்டுவது என்பது வேலைக்குச் சேருபவரின் விருப்பம், அலுவலகம் இன்னதுதான் வேண்டும் என்று கேட்கக்கூடாது. அடையாளத்துக்கு ஓட்டுநர் உரிமம், கூடவே கட்டுப்பாடு எதுவும் அச்சிடாத சோஷியல் செக்யூரிட்டி அட்டை, இந்த இரண்டும் போதும். இது படிவத்தோடு வருகிற விளக்கத்திலேயே இருக்கிறது. மறுநாள் அந்தப் பக்கத்தை அச்செடுத்து மஞ்சள் கோடு போட்டு நானும் கூடப் போனேன். "ஓ, இதுவும் ஆகுமா" என்றார் அதே மனிதர். மன்னிப்பெல்லாம் கிடையாது.

வகுப்பு தொடங்கிய முதல் நாளே இருபதாவது நிமிடத்தில் பக்கத்து அறையிலிருந்து ஆள் வந்தது, புள்ளியியல் தேர்வு நடக்கிறதாம். மாலை 5:30-க்கு மாற்றினோம், நான்கு மாணவர்கள் பகுதிநேர வேலை காரணமாக விலகினார்கள். அறை கேட்கும்போதே பக்கத்தில் என்ன வகுப்பு என்று பாருங்கள், தரையையும் பாருங்கள். சிமென்ட் மேல் வினைல் ஒட்டிய அறை கொடுத்தால் வாங்காதீர்கள், வெறுங்காலோடு இரண்டு வாரம் குதித்தால் கணுக்கால் போய்விடும்.

துறைப் பணத்தில் வாங்கிய மன்மன் மேல் சொத்துப் பிரிவுக்காரர்கள் வந்து பார்கோடு ஒட்டினார்கள், அதுவும் தோலுக்கு நடுவில். தொன்தொன் நகத்தால் மெல்லச் சுரண்டி எடுத்துக் கட்டையின் அடியில் ஒட்டினார். அதற்கும் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது.

மூன்றாவது வாரம், பின்வரிசையில் இறுகிப்போய் ஆடிக்கொண்டிருந்த ஒரு பையனுக்காக அவர் காசேயை அடிக்காமல் இழுத்துக்கொண்டே போனார். மற்றவர்களுக்கு மூச்சு வாங்குகிறது, அவர் கண் அந்தப் பையனின் தோளை விட்டு நகரவில்லை. தோள் இறங்கியது, அந்த நொடியில் அடித்தார்.

நேற்று ஆள் சேர்ப்பிலிருந்து செய்தி. தகுதி விலக்கு ஒரு வருடத்துக்கு மட்டும், ஏப்ரலுக்குள் 'புதுப்பிக்கப்பட்ட' அனுபவச் சான்று அனுப்பவேண்டும். தொன்தொனுக்கு ஃபோன் பண்ணிப் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டு, தங்கையைப் பெட்டியில் இன்னொரு தடவை தேடச் சொல்லட்டுமா என்றார்.